ஒரு தட்டுக் கெராங்

தம்பி,

போன மாதம் நீயும் வசந்தியும் வந்திருந்தபோது மதியச் சாப்பாட்டில் நீ ஒரு தட்டை நகர்த்தி வைத்தாய். உனக்கு நினைவிருக்காது. எனக்கு அது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. உனக்குப் பிடிக்குமே என்று கோலா சிலாங்கூர் சந்தையில் கெராங் வாங்கி, சேறு போகக் கழுவி, சிப்பி வாய் பிளக்க நன்றாக அவித்து, சம்பாலில் பிரட்டி வைத்திருந்தேன். வசந்தி வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல உட்கார்ந்து ஒன்றை எடுக்கக் கை நீட்டினாள். நீ உடனே தட்டைத் தூக்கி உன் வலப்பக்கம், கண்ணாடிக் கண் இருக்கிற பக்கம் வைத்துவிட்டு, அவள் சோற்றில் கீரையை அள்ளிப் போட்டாய். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தாள். தாகம் மாதிரி நடித்தாள். நானும் பார்க்காத மாதிரி நடித்தேன்.

அங்கேயே உன்னைக் கேட்டிருப்பேன். பெண்டாட்டி முன்னால் மகனைத் திட்டுகிறவள் என்ற பேர் வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் ஃபோனில் பேசலாம் என்றால் புக்கிட் ரோத்தான் மளிகைக் கடையில் நின்றுதான் பேச வேண்டும். அந்தக் கடைக்காரர் அரிசி நிறுக்கிற மாதிரி காதை இங்கேதான் வைத்திருப்பார். நேரில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். அந்த வித்தை உனக்கு உன் அப்பாவிடமிருந்து வந்தது. அதனால் எழுதுகிறேன். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டிவிட்டு, அதுகள் தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன். நடுவில் எது அழுதாலும் எழுந்து போவேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். ஒளித்து வைத்துப் படிக்க வேண்டிய கடிதம் இல்லை இது. வசந்தியிடமும் கொடு. இந்தத் தோட்டத்து லயத்தில் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிற எவள் வந்து கேட்டாலும் நானே படித்துக் காட்டுவேன். பாதி படித்துவிட்டுச் சட்டைப் பையில் செருகினாய் என்று தெரிந்ததோ, ராவாங்குக்குப் பஸ் ஏறி வந்து உன் பேக்டரி வாசலில் நின்று வாசிப்பேன்.

நீ என் வயிற்றில் இருந்தபோது எனக்கு வேறெதுவும் இறங்கவில்லை. சோற்று வாடை பட்டாலே குமட்டும். ரப்பர் பால் வெட்டப் போய் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பேன், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் தூரத்தில் நின்று தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அந்தச் சமயத்தில் ஒரு சீனக் கிழவர் சைக்கிளில் கெராங் கொண்டுவருவார். பின்னால் ஒரு கூடை, ஈரச் சாக்கு மூடியிருக்கும். அந்தக் கடல் வாடை லயத்துக்குள் வந்ததும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். உன் அப்பா வெட்கத்தை விட்டுவிட்டு மங்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார். நான் வாசலில் உட்கார்ந்து ஓட்டைப் பிளந்து பிளந்து தின்பேன். லயத்துப் பெண்கள் சிரிப்பார்கள். "ஏன் புள்ள, கடலயே குடிச்சிருவ போல இருக்கே!" என்பார்கள். அன்றைக்கு அது கேலி. அவ்வளவுதான். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

நீ பிறந்தாய். கொழுகொழுவென்று இருந்தாய், நம்பு. நீ தவழ ஆரம்பித்த பருவத்தில், வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்போது உன் வலது கண்மணிக்குள் வெள்ளையாக ஒன்று மின்னும். மங்கலான மஞ்சள் கலந்த வெள்ளை. முதலில் பார்த்தது பக்கத்து வீட்டுக்காரிதான். "பூனக் கண்ணுடி! தொர வூட்டுப் புள்ள மாதிரி இருக்கான்லா!" என்று கத்தி எல்லாரையும் கூப்பிட்டாள். அப்புறம் சாயங்காலமானால் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. யாராவது உன்னை வாங்கி விளக்குப் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள், "ஆமாடி, மின்னுது" என்பார்கள். கண்ணூறு பட்டுவிடும் என்று நான் கன்னத்தில் பெரிய மைப்பொட்டாக வைப்பேன். எங்களில் யாருக்கும் அது நோய் என்று தோன்றவில்லை. அழகு என்றுதான் நினைத்தோம். மாதக்கணக்கில் அதை ரசித்துக்கொண்டிருந்தோம். 

அப்புறம் அந்தக் கண் ஒன்றரைக் கண்ணாயிற்று, சிவந்தது, வீங்கியது. கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கண்ணுக்குள் புற்றுக்கட்டி, கண்ணை எடுத்தால் பிள்ளை பிழைக்கும், வைத்துக்கொண்டால் பிழைக்காது என்றார். உன் அப்பா காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். நீ பிழைத்தாய். அது ஒன்றுக்காக அந்த ஆஸ்பத்திரி இருக்கிற திசைக்கு நான் இன்றைக்கும் கும்பிடுவேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்வி ஆரம்பித்தது. சபாக்கிலிருந்து உன் அத்தை பஸ்ஸிறங்கி வந்தார், உன் அப்பாவுக்கு மூத்தவர். கட்டுப்போட்ட உன் முகத்தைப் பார்த்து அழுதார். அழுகை நின்றதும் என்னைப் பார்த்துக் கேட்டார். "மாசமா இருக்கறப்ப என்னத்தத் தின்ன?" நான் பதில் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. லயமே சொல்லிற்று. கெராங் ஓட்டுக்குள் வெள்ளையாக இருக்குமாம், அதுதான் பிள்ளை கண்ணுக்குள் வெள்ளையாக வந்ததாம். யோசித்துப் பார், எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! அறிவாளிகள்! அன்றைக்குக் கூடவே உட்கார்ந்து ரெண்டு ஓடு வாங்கித் தின்றவளும் அதையே சொன்னாள். உன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. அதற்குப் பிறகு யார் என்னிடம் "சாப்பிட்டியா? என்ன சாப்பாடு?" என்று சும்மா விசாரித்தாலும் 'கஞ்சிதான்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

செல்வி வயிற்றில் வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? எதையுமே தின்னவில்லை. மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், அன்னாசி, பப்பாளி, கத்தரிக்காய், கருவாடு எதுவுமே வேண்டாம். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், எல்லாவற்றையும் கேட்டேன். கஞ்சியும் உப்பும் ரசமும்தான். எதைத் தின்றால் எது வருமோ என்று பயம். ஒரு நாள் பால் வாளியோடு ரப்பர் மர நிரைக்குள்ளேயே மயங்கி விழுந்தேன். ரத்தமே இல்லை என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி கத்தினாள். உன் தங்கை ஒரு கையில் அடங்குகிற மாதிரிப் பிறந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயசு வரை சளியும் காய்ச்சலுமாக அவளைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்தது உனக்கே ஞாபகம் இருக்கும். நீ கூடவே என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவாய். நான் எதையோ தின்றதால் உன் கண் போயிற்று என்றார்கள், அது பொய். நான் எதையும் தின்னாததால் செல்வி நோஞ்சானாகப் பிறந்தாள், அது நிஜம். அதைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது, அந்த மதியச் சாப்பாட்டுக்குச் சில வாரம் முந்தி, கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு நீ வராமல் போன அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். உன் கண்ணாடிக் கண் தளர்ந்துவிட்டது என்று மாற்றப் போனாய். மனைவி மாசமாக இருக்கிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னாய். உடனே அந்தக் கண் டாக்டரம்மா உன் அப்பா அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். உனக்கு ஷிப்ட் மாற்ற முடியவில்லை என்று வசந்தியை எங்களோடு அனுப்பினாய். ஷிப்டை மாற்ற முடியவில்லையா, மனசுதான் வரவில்லையா என்று நான் கேட்கவில்லை. அங்கே நடந்ததை வசந்தி உன்னிடம் சொன்னாள், நீ "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க லா" என்று சொல்லிவிட்டாயாம். அதனால் நான் ஒருமுறை சொல்கிறேன். நான் பார்த்தது, என் காதால் கேட்டது.

முதலில் என் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. அப்புறம் உன் அப்பா கண்ணில். நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு அந்த அம்மா வெகுநேரம் குனிந்து பார்த்தார்கள். மேலே பார், கீழே பார் என்று மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிறகு நிமிர்ந்து வசந்தியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்கள். வசந்தி முகம் மாறிற்று. "மாமா, ஒங்க இடது கண்ணுக்குள்ள ஒரு பழைய தழும்பு இருக்காம். சின்னப் புள்ளையா இருந்தப்ப ஒங்களுக்கும் அதே கட்டி வந்து, அதுவாவே காஞ்சு போயிருக்காம். ரொம்ப அபூர்வமா அப்படி நடக்குமாம்." உன் அப்பா விளங்காமல் என்னைப் பார்த்தார். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது கண்ணில் இப்படி வந்ததா என்று டாக்டரம்மா கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினார், பாதி ஆட்டலில் நிறுத்திவிட்டார். அவருக்கு ஒரு தம்பி இருந்தானாம். சின்ன வயசிலேயே கண் வீங்கிப் புண்ணாகிச் செத்துப் போனானாம். அம்மை உள்ளே இறங்கிவிட்டது என்று சொன்னார்களாம். இத்தனை வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், அந்தப் பிள்ளையைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

வசந்தி கெட்டிக்காரி. கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சொன்னாள். உடம்பில் ஒவ்வொன்றுக்கும் 'போதும், இனி வளராதே' என்று சொல்கிற ஒன்று இருக்கிறதாம். ஜீன் என்கிறார்கள். கண்ணில் அது கெட்டுப்போனால் அங்கே கட்டி நிற்காமல் வளர்கிறதாம். இந்தக் குடும்பத்தில் அது பிறக்கும்போதே கூட வருகிறதாம். தாத்தனிடமிருந்து தகப்பனுக்கு, தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு. எல்லாப் பிள்ளைக்கும் வராது, சுண்டிப் போட்ட காசு பூவா தலையா என்று விழுகிற மாதிரிதானாம். செல்விக்கு விழவில்லை போலிருக்கிறது, இருந்தாலும் அவளையும் ஒருமுறை கூட்டிவரச் சொன்னார்கள். உன் பிள்ளைக்கு எப்படி விழும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பிறந்த சில நாளுக்குள் கண்ணைப் பார்த்துவிட வேண்டும், அப்புறம் மாதத்துக்கு மாதம் பார்க்க வேண்டும். கடுகளவு இருக்கும்போதே கண்டுபிடித்தால் உறைய வைத்தோ ஒளியால் சுட்டோ அழித்துவிடுவார்களாம். கண்ணையும் காப்பாற்றிவிடலாம் தம்பி. உன் காலத்தில் இல்லாத வைத்தியம் இது.

அப்போது வசந்தி தன் கேள்வியைக் கேட்டாள். "நான் என்ன சாப்பிடணும், என்ன சாப்பிடக்கூடாது?" அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பதில் சொன்னார்கள். கீரை, பழம், பருப்பு, முட்டை, மீன் எல்லாம் சாப்பிடு, கிளினிக்கில் கொடுக்கிற மாத்திரையை விடாதே, பிள்ளை நல்ல எடையோடு பிறக்கும். சிப்பி, நண்டு எதுவானாலும் நன்றாக வெந்திருக்கட்டும். பிள்ளைகளுக்கு வருகிற வேறு சில புற்றுநோய்களில் தாயின் சாப்பாட்டுக்கும் பங்கு இருக்குமோ என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். காயும் பழமும் நல்லது செய்யலாம், பதப்படுத்தி டின்னில் அடைத்த இறைச்சியை அதிகம் தின்னாமலிருப்பது நல்லது என்கிற அளவுக்குத்தான் பேச்சாம். இதனால்தான் வந்தது என்று ஒரு தாயைக் கை காட்ட உலகத்தில் எந்த டாக்டராலும் முடியாதாம். இந்தக் கண் நோயைப் பொறுத்தவரை சாப்பாடு கொண்டுவருவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. வீட்டில் சிகரெட் புகை வேண்டாம் என்றும் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது வசந்தி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நீ குளியலறையில் ஊதுவது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? அவள் கையிலிருந்து ஒவ்வொரு தட்டாகப் பிடுங்குகிறவன் முதலில் அதைப் பிடுங்கிப் போடு.

நான் சும்மா இருந்தேனா? "கெராங் தின்னா வருமான்னு கேளும்மா" என்றேன். வசந்திக்குப் புரியவில்லை. "கேளு, எனக்காகக் கேளு" என்றேன். அவள் கேட்டாள். டாக்டரம்மா சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, மலாயிலேயே, என்னிடமே நேராகச் சொன்னார்கள். இல்லை. இல்லவே இல்லை. யார் உங்களிடம் அப்படிச் சொன்னது?  வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு அதுவரை என் கதை தெரியாது, அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துகொண்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், அங்கிருந்து புடு பஸ் நிலையம் வரும் வரை எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொண்டாட்டம் என்றே வைத்துக்கொள். இத்தனை வருஷம் என் தலையில் ஏற்றி வைத்ததை இறக்கி உன் அப்பா தலையில் வைத்துவிட்டேன் என்று மனசு துள்ளிற்று. வீட்டுக்குப் போய் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தேன். வசந்தி ராவாங் பஸ் ஏறிவிட்டாள். சொட்டு மருந்தினால் உன் அப்பாவுக்கு வெளிச்சம் கூசிற்று, கண்ணைத் திறக்க முடியவில்லை. கைக்குட்டையைக் கண்ணில் பொத்திக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறினார். ஊர் பார்க்க என் கையைப் பிடித்தது கல்யாணத்தன்றைக்கு, அப்புறம் அன்றைக்குத்தான். பஸ் ஈஜோக் தாண்டும்போது கைக்குட்டையை எடுக்காமலே கேட்டார். "அப்ப நான்தானா புள்ள?" நான் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "ஆமா, நீங்க கடையில வாங்கிட்டு வந்தா குடுத்தீங்க? போங்க, பேசாம வாங்க" என்றேன். அவர் அழுதார். மருந்து எரிகிறது என்றார். சரி, எரிகிறது என்றே வைத்துக்கொண்டேன்.

தம்பி, உன்னை நான் பெற்றவள். நீ ஏன் அந்தத் தட்டை நகர்த்தினாய் என்று எனக்குத் தெரியும். சாப்பாடுதான் காரணம் என்றால் நீ காரணம் இல்லை. அவள் தட்டைக் கண்காணித்துக்கொண்டிருந்தால் உன் ரத்தத்தைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. அதுதானே? பிறந்த பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்றால் நீ "பொறக்கட்டும்லா, பெறகு பாப்போம்" என்கிறாய். அதுவும் எனக்குத் தெரியும். உனக்குப் பள்ளிக்கூடம் போகும் வயசு வரை மயக்கம் கொடுத்துத்தான் மற்றக் கண்ணைப் பார்ப்பார்கள். அந்த ரப்பர் மூடியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாலே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்துவாய். நீ பெரியவனான பிறகும் புது டயர் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பச்சைக் குழந்தையை அங்கே கொண்டுபோய்க் கொடுக்க உனக்கு மனசு வராது. வராதுதான். முதல் தடவை மயக்கம்கூட வேண்டாமாம், சொட்டு மருந்தும் விளக்கும் போதுமாம். அப்புறம் வளர வளர, அசையாமல் இருக்க வேண்டுமே என்று கொடுப்பார்களாம். பிள்ளை அழும். நீயும் அழு, வெளியே நின்று. உன் அப்பா நின்ற மாதிரி.

என் பயம் பிள்ளையைப் பற்றி மட்டும் இல்லை. பூவும் விழலாம், தலையும் விழலாம். ஒரு நாள் அந்தப் பிள்ளை கண்ணில் ஒரு வெள்ளை தெரிகிறது என்று வை. அன்றைக்கு நீ வாயால் கேட்க வேண்டியதில்லை, உன் பார்வையிலேயே அது வந்துவிடும். 'அன்றைக்கு ஆபிசில் என்ன தின்றாய்? அம்மா வீட்டுக்குப் போனபோது என்ன தின்றாய்?' நீ நல்லவன்தான், அதனால்தான் சொல்கிறேன். உன் அப்பாவும் நல்லவர்தான். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருந்ததை நான் கால் நூற்றாண்டாகச் சுமந்தேன். வசந்தி என்னைப் போலச் சுமப்பாள் என்று நினைக்காதே, அவள் படித்தவள், சம்பாதிக்கிறவள், போட்டுவிட்டுப் போய்விடுவாள். போகாமல் சுமந்தாள் என்றால் அது அதைவிட மோசம்.

இதையெல்லாம் எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டேதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சபாக்கில் அத்தை பேத்திக்குக் காதுகுத்து. நானும் அப்பாவும் போயிருந்தோம். பந்தியில் அத்தை வசந்தியைப் பற்றி விசாரித்தார். எத்தனை மாசம், எப்படி இருக்கிறாள் எல்லாம் கேட்டுவிட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி என்னிடம் சொன்னார். "மருமவளையாச்சும் கண்டதத் தின்ன விடாத. நீ தின்னு ஒரு கண்ணு போனது போதும்." நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழகிவிட்டதே. பக்கத்தில் உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்தார். எச்சில் கையோடு எழுந்து நின்றார். பந்தியில் நடுவில் எழக்கூடாது என்று எனக்கே சொல்லிக் கொடுத்த மனுஷன்!

"அக்கா, அவ தின்னதுல வரல. என் கண்ணுல இருந்து வந்துச்சு. டாக்டரு வெளக்கு வச்சுப் பாத்துச் சொல்லிட்டாங்க. எனக்கும் வந்து காஞ்சு போயிருக்கு. நம்ம சின்னவனுக்கு வந்ததும் இதுதான். இனி யாரும் இவளக் கேக்காதீங்க. கேக்கணும்னா என்னக் கேளுங்க." அவ்வளவுதான் சொன்னார்.  ஊரும் உறவும் பார்த்துக்கொண்டிருந்தது. பாயசம் வாளியோடு நின்றவன் அப்படியே நின்றான்.

அத்தை சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. உன் அப்பாவைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி மெதுவாகக் கேட்டார். "நம்ம சின்னவனுக்குமா? அப்ப அம்மாவ நாம சொன்னதெல்லாம்?" செத்துப்போன அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கித் திரிந்தவர் அத்தைதானாம். அன்றைக்கு அவர்கள் அம்மாவைப் பார்த்து, நண்டு தின்றாய் அதனால்தான் என்று வீடே சொல்லியிருக்கிறது. அந்த அம்மா அந்தச் சொல்லோடேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பார் தம்பி, கண் நோய் மட்டும் இல்லை, இந்தக் கேள்வியும் இந்தக் குடும்பத்தில் ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் கைக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் எழுந்து கொல்லைப்புறம் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை. எதில் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தை வந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவர் பழக்கம் அது இல்லை. என் கையில் ஒரு டம்ளர் பாயசத்தைக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றார்.

காச்மூச்சென்று இரண்டு பிள்ளைகள் எழுந்துவிட்டன, முடிக்கிறேன். இந்தக் கொட்டகையில் எந்தப் பிள்ளையைக் கையில் வாங்கினாலும் முதலில் வாசல் வெளிச்சத்தில் திருப்பிக் கண்ணைத்தான் பார்க்கிறேன். இந்த ஆயாவுக்குக் கிறுக்கு என்கிறார்கள். இருக்கட்டும். உன் பிள்ளையை அப்படிப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாகி விடமாட்டேன், வெளியே மின்னுகிற வரை காத்திருந்தால் தாமதம் என்பது எனக்குத் தெரியும். டாக்டரம்மா கொடுத்த கார்டு அப்பாவிடம் இருக்கிறது. பிள்ளை பிறந்த சேதி வந்ததும் அவரே போய் நாள் வாங்குவதாகச் சொல்லிவிட்டார். உள்ளே தூக்கிக்கொண்டு போக வேண்டியவன் நீ. வசந்தியும் இல்லை, நானும் இல்லை. அவர் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னதை நீ ஒரே ஒருத்தியிடம் சொன்னால் போதும். 'வந்தாலும் வராவிட்டாலும் அது உன்னால் இல்லை' என்று வசந்தியிடம் இப்போதே சொல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். கெராங் வாங்குகிறேன், நன்றாக அவித்து வைக்கிறேன். நான் பரிமாற மாட்டேன், நடுவில் வைத்துவிட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். தட்டை அவள் பக்கம் நீ நகர்த்து.

உன் அம்மா